கொள்ளையர் என்னும் சொல்: டெக்சாஸ் எல்லையில் மெக்சிக்கர்மீது நிகழ்ந்த இனவன்முறை

ஒரு குதிரையும் இரண்டு சொற்களும்

1901ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கார்ன்ஸ் மாவட்டத்துப் பண்ணை ஒன்றுக்கு ஒரு ஷெரிப், அதாவது மாவட்டக் காவல் தலைவர், குதிரைத் திருட்டு ஒன்றைப் பற்றி விசாரிக்க வந்தார். அப்பண்ணையில் உழுது பயிரிட்டு வாழ்ந்த கிரெகோரியோ கோர்தெஸ் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிக்கர். ஷெரிப்புடன் வந்த துணைக் காவலரே மொழிபெயர்ப்பாளர். அவருடைய ஸ்பானிய மொழியறிவு அரைகுறையானது. அண்மையில் எவரிடமேனும் குதிரை மாற்றிக்கொண்டது உண்டா என்று அவர் கேட்டார். குதிரைக்கு அவர் வழங்கிய சொல் 'கபாயோ'. அது ஆண்குதிரையைக் குறிக்கும். கோர்தெஸ் மாற்றிக்கொண்டதோ 'யேகுவா', அதாவது பெண்குதிரை. ஆகவே அவர் 'இல்லை' என்று விடையளித்தார். காளை வாங்கினாயா என்று கேட்டால், பசு வாங்கியவர் இல்லை என்றுதானே சொல்வார்?

அந்த 'இல்லை' ஷெரிப்பின் காதில் பொய்யாக விழுந்தது. அவர் கைது செய்ய முனைந்தார். குற்றமொன்றும் இல்லாமல் என்னைக் கைது செய்ய இயலாது என்னும் பொருளில் கோர்தெஸ் சொன்னது, என்னை எவராலும் கைது செய்ய இயலாது என்பதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஷெரிப் சுட்டார், கோர்தெஸின் அண்ணன் வீழ்ந்தார். கோர்தெஸ் திருப்பிச் சுட்டார்; ஷெரிப் மாண்டார். அதன்பின் பத்து நாள்கள் நூற்றுக்கணக்கானோர் துப்பாக்கியேந்திக் கோர்தெஸைத் தேடினர். அவருடைய மனைவியும் மக்களும் சிறையில் அடைக்கப்பட்டனர். கோர்தெஸ் கும்பலைச் சேர்ந்தோர் என்று கருதப்பட்டு, அவரோடு எத்தொடர்பும் இல்லாத மெக்சிக்கர் சிலர் கொல்லப்பட்டனர். ஜூன் 22ஆம் நாள் அவர் பிடிபட்டார். பல வழக்குகளுக்கும் நெடுஞ்சிறைக்கும் பின்னர், 1913ஆம் ஆண்டு மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

மொழியைப் பயில்வோரும் பயிற்றுவோரும் கூடும் இவ்வரங்கிற்கு நாம் இந்நிகழ்ச்சியைத் தொடக்கமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. டெக்சாஸுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மெக்சிக்கர்மீது நிகழ்ந்த வன்முறை, துப்பாக்கியாலும் கயிற்றாலும் மட்டும் நிகழவில்லை. யாரைக் கொல்லலாம் என்பதைச் சில சொற்கள் முன்னரே முடிவு செய்திருந்தன. கொல்லப்பட்டோரை ஏடுகளிலிருந்து மறைக்கவும் சொற்களே துணைநின்றன. பின்னர் அந்த நினைவை மீட்டெடுத்தவையும் சொற்களே. இம்மூன்றையும் வரலாற்று வரிசையில் இக்கட்டுரையில் காண்போம்.

எல்லை வந்த கதை

டெக்சாஸ் முன்னர் மெக்சிக்கோவின் ஒரு பகுதியாக இருந்தது. 1836ஆம் ஆண்டு அங்கிருந்த ஆங்கிலேய வழிக் குடியேறிகள் தலைமையில் அது தனிக் குடியரசாகப் பிரிந்தது. 1845ஆம் ஆண்டு அமெரிக்காவோடு இணைந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் போர் மூண்டது. 1848ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கையெழுத்தான குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் அப்போர் முடிவுற்றது. இன்றைய கலிபோர்னியா, நியூமெக்சிக்கோ, அரிசோனா முதலிய பெரும் நிலப்பரப்பை மெக்சிக்கோ இழந்தது. ரியோ கிராண்டே ஆறு டெக்சாஸின் எல்லையாயிற்று.

அந்நிலப்பரப்பில் வாழ்ந்த மெக்சிக்கர் ஏறத்தாழ 80,000 முதல் 100,000 பேர். அவர்கள் எவ்விடத்திலிருந்தும் புலம்பெயர்ந்து வந்தவர்கள் அல்லர். உறங்கி எழுந்தபோது நாடு மாறியிருந்தது. நாங்கள் எல்லையைக் கடக்கவில்லை, எல்லைதான் எங்களைக் கடந்தது என்று அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் கூறுவது இதனாலேயே ஆகும். உடன்படிக்கை அவர்களுக்குக் குடியுரிமையையும் சொத்துரிமையையும் உறுதியளித்தது. ஆயினும் மெக்சிக்க அரசு முன்னர் வழங்கிய நிலக்கொடைகளைக் காக்கும் பத்தாம் பிரிவை அமெரிக்கச் செனட் சபை நீக்கிவிட்டே உடன்படிக்கையை ஏற்றது. காகிதத்தில் தொடங்கிய இக்குறை நிலத்தில் பெருகியது.

இவ்விடத்தில் ஒரு சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 'மெக்சிக்கர்' என்பது ஒரு நாட்டின் குடிமக்களைக் குறிக்கும் பெயர். டெக்சாஸிலோ அது குருதியைக் குறிக்கும் பெயராயிற்று. ஆற்றின் வடகரையில் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்த அமெரிக்கக் குடிமகனும் மெக்சிக்கரே. நேற்று ஆற்றைக் கடந்து வந்த கூலியாளும் மெக்சிக்கரே. சட்டம் முன்னவரைக் குடிமகன் என்றது. வழக்குமொழி அயலவர் என்றது. நெருக்கடி வந்தபோதெல்லாம் வழக்குமொழியே வென்றது.

1904ஆம் ஆண்டு இருப்புப்பாதை எல்லை நகரான பிரவுன்ஸ்வில்லை எட்டியது. அதுவரை மெக்சிக்கக் குடும்பங்களின் கால்நடைப் பண்ணைகளாக இருந்த ரியோ கிராண்டே கீழ்ப்பள்ளத்தாக்கு, நீர்ப்பாசனத்தால் வணிக வேளாண்மைக்கு ஏற்ற நிலமாயிற்று. வடக்கிலிருந்து குடியேறிகள் திரண்டு வந்தனர். நில விலை ஏறியது, வரி ஏறியது, நில உரிமை வழக்குகள் பெருகின. பழைய நிலவுடைமையாளர்கள் பலர் தம் நிலத்திலேயே கூலிகளாயினர். இனி நாம் காணவிருக்கும் வன்முறையின் அடியில் நிலத்தைப் பற்றிய இப்போராட்டம் இருந்ததை மறத்தலாகாது.

கணக்கில் வராத கொலைகள்

நீதிமன்ற விசாரணை இல்லாமல் ஒரு கும்பல் ஒருவரைத் தூக்கிலிட்டோ எரித்தோ கொல்வதைக் கும்பற்கொலை என்கிறோம். அமெரிக்க வரலாற்றில் அக்கொடுமைக்கு மிகுதியும் ஆளானவர்கள் கறுப்பின மக்கள் என்பது பலரும் அறிந்ததே. மெக்சிக்கரும் அதற்கு ஆளாயினர் என்பது நெடுங்காலம் பேசப்படவில்லை. வில்லியம் கேரிகன், கிளைவ் வெப் என்னும் வரலாற்றறிஞர் இருவர் ஆங்கிலச் செய்தித்தாள்களோடு ஸ்பானிய ஏடுகளையும் தூதரகப் பதிவுகளையும் ஆராய்ந்து, 1848 முதல் 1928 வரை 547 மெக்சிக்கர் இவ்வாறு கொல்லப்பட்டதை உறுதிசெய்து 2013ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். இது சான்று கிடைத்த தொகையே ஆகும்.

இக்கொலைகள் ஏன் முன்னரே எண்ணப்படவில்லை? கும்பற்கொலைகளுக்குப் புகழ்பெற்ற பட்டியலைத் தொகுத்த டஸ்கீகி கல்வி நிலையம், இறந்தோரைக் கறுப்பர், வெள்ளையர் என்னும் இரண்டு தலைப்புகளிலேயே பிரித்தது. மெக்சிக்கர் வெள்ளையர் என்னும் தலைப்பின்கீழ்ச் சென்றனர். மெக்சிக்கர் என்பதற்காகக் கொல்லப்பட்ட ஒருவர், இறந்தபின் வெள்ளையராக எண்ணப்பட்டார். தொகுத்தவர்களுக்குத் தீய நோக்கம் இருந்ததில்லை. பட்டியலில் ஒரு சொல்லுக்கு இடம் இல்லாமற்போனதே ஒரு வரலாறு மறையப் போதுமானதாயிற்று.

1910ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், டெக்சாஸின் ராக்ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் அந்தோனியோ ரொட்ரிகெஸ் என்னும் 20 வயது இளைஞர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருந்தார். வழக்கு நடைபெறும் முன்பே ஒரு கும்பல் அவரைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று உயிரோடு எரித்தது. செய்தி பரவியதும் மெக்சிக்கோ நகரில் மாணவர்களும் மக்களும் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், தார்ன்டேல் என்னும் ஊரில் 14 வயதே நிரம்பிய அந்தோனியோ கோமெஸ் என்னும் சிறுவன், சச்சரவு ஒன்றில் ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றதற்காகக் கும்பலால் கொல்லப்பட்டான். இவ்விரு கொலைகளுக்கும் எவரும் தண்டனை பெறவில்லை.

இந்நிலையில் எழுத்தாலும் அமைப்பாலும் எதிர்த்து நின்றவர்களும் இருந்தனர். லரேதோ நகரில் இதார் குடும்பத்தினர் நடத்திய 'லா குரோனிகா' என்னும் ஸ்பானிய இதழ், கும்பற்கொலைகளையும் பள்ளிகளில் நிலவிய பாகுபாட்டையும் கண்டித்து எழுதியது. 1911ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்குடும்பத்தின் முயற்சியால் லரேதோவில் முதல் மெக்சிக்கர் மாநாடு கூடிற்று. அக்குடும்பத்தின் மகள் ஹோவித்தா இதார் ஆசிரியையாகப் பணி தொடங்கியவர். மெக்சிக்கப் பிள்ளைகளின் பள்ளியில் இருந்த வசதிக்குறைவைக் கண்டு இதழியலுக்கு வந்தவர். 1914ஆம் ஆண்டு 'எல் புரோகிரெசோ' இதழின் அச்சகத்தை மூட, டெக்சாஸ் ரேஞ்சர்கள் எனப்படும் மாநிலக் காவற்படையினர் வந்தபோது, வாயிலை மறித்து நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். அவர் இல்லாத வேளையில் மீண்டும் வந்து அவர்கள் அச்சகத்தை அழித்தனர். சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை ரேஞ்சர்களும் அறிந்தே இருந்தனர்.

1915: மடிந்தோர் செய்தியாகாத ஆண்டு

1910ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் புரட்சி வெடித்தது. அதன் அலைகள் ஆற்றைக் கடந்தன. 1915ஆம் ஆண்டு ஜனவரியில் கைதான ஒருவரிடம் 'சான் தியேகோ திட்டம்' என்னும் அறிக்கை கிடைத்தது. மெக்சிக்கோ இழந்த நிலங்களைக் கிளர்ச்சியால் மீட்க வேண்டும், 16 வயதுக்கு மேற்பட்ட ஆங்கிலேய வழி ஆடவரைக் கொல்ல வேண்டும் என்று அது கூறியது. அவ்வாண்டின் கோடையில் சிறு படைகள் பண்ணைகளையும் இருப்புப்பாதைகளையும் தாக்கின. குடியேறிகளும் படைவீரர்களும் சிலர் உயிரிழந்தனர். அந்தத் தாக்குதல்கள் உண்மை. குடியேறிகளின் அச்சமும் உண்மை. இதனை மறைத்தால் நாமும் வரலாற்றைத் திரித்தவர்கள் ஆவோம்.

ஆனால் அதற்கு வந்த மறுமொழி தாக்கியவர்களைத் தேடித் தண்டிப்பதோடு நிற்கவில்லை. ரேஞ்சர்களும் உள்ளூர்க் காவலரும் ஆயுதம் தாங்கிய குடிமக்களும் சேர்ந்து, மெக்சிக்கத் தோற்றம் உடையவர்களை விசாரணையின்றிக் கொன்றனர். 'கொள்ளையர்' என்னும் சொல் இங்கே தன் முழு வலிமையையும் காட்டியது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் ஒருவரைக் கொள்ளையர் என்பது வழக்கம். இங்கே கொல்லப்பட்டமையே ஒருவர் கொள்ளையர் என்பதற்குச் சான்றாயிற்று. தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார் என்னும் வாய்பாடு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தது. சிறைப்பட்டோரை ஓடவிட்டுச் சுடும் அவ்வழக்கத்தை எல்லைப்புற மக்கள் 'லே ஃபுகா', அதாவது ஓட்டச் சட்டம் என்று கசப்போடு அழைத்தனர். கொல்லப்பட்டோரை 'ஆவியாகிவிட்டனர்' என்று சொல்லும் வழக்கும் அந்நாளில் இருந்தது. நீர் ஆவியாவதற்குக் குற்றவாளி எவரும் இல்லை அல்லவா? கொலையை வினைமுதல் இல்லாத நிகழ்ச்சியாக மாற்றும் திறம் அந்தச் சொல்லுக்கு இருந்தது.

1915ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் நோரியாஸ் என்னும் பண்ணை தாக்கப்பட்டது. மறுநாள், இறந்த மெக்சிக்கரின் உடல்களைக் குதிரைமேல் இருந்தபடி கயிற்றால் கட்டி நிற்கும் ரேஞ்சர்களின் படம் எடுக்கப்பட்டது. அது அஞ்சலட்டையாக அச்சிடப்பட்டு விற்பனையாயிற்று. வாங்கியோர் அதன் பின்புறத்தில் நலம் விசாரித்து எழுதி உறவினர்க்கு அனுப்பினர். அப்படத்தில் காணப்படுவோருள் ஜேம்ஸ் மன்ரோ ஃபாக்ஸ் என்னும் ரேஞ்சர் தலைவரும் ஒருவர். அவரை நாம் மீண்டும் சந்திக்கவிருக்கிறோம்.

அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஹிதால்கோ மாவட்டத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஹெசூஸ் பசான் என்னும் முதியவரும் அவர் மருமகன் அந்தோனியோ லொங்கோரியாவும் மதிப்புமிக்க நிலவுடைமையாளர்கள். கொள்ளையர் தங்கள் குதிரைகளைக் கவர்ந்து சென்றதை ரேஞ்சர்களிடம் முறையிடச் சென்றார்கள். முறையிட்டு வீடு திரும்பும் வழியில், பின்னால் மோட்டார் வண்டியில் வந்தவர்கள் இருவரையும் முதுகில் சுட்டுக் கொன்றனர். உடல்களை எடுத்து அடக்கம் செய்யவும் அண்டை அயலார் அஞ்சினர். கொள்ளையர்மீது புகார் கொடுக்கச் சென்றவர்களே கொள்ளையராக மடிந்தனர்.

அதே செப்டம்பரில் சான் அந்தோனியோ நகரச் செய்தித்தாள் ஒன்று, மெக்சிக்கரின் உடல்கள் கண்டெடுக்கப்படுவது இப்போதெல்லாம் எவருடைய கவனத்தையும் ஈர்ப்பதில்லை என்று எழுதியது. அவ்வாண்டில் மாண்டோர் எத்தனை பேர்? முந்நூறு என்போர் உளர். ஆயிரக்கணக்கானோர் என்போரும் உளர். ரேஞ்சர்களைப் போற்றி 1935ஆம் ஆண்டு நூல் எழுதிய வால்டர் பிரெஸ்காட் வெப் என்பவரே, 500 என்றும் 5,000 என்றும் மதிப்பீடுகள் இருப்பதாகக் குறித்தார். மடிந்தோர் தொகையில் பத்து மடங்கு வேறுபாடு இருக்குமானால், அவர்களை எவரும் எண்ணவில்லை என்பதே பொருள். அப்பகுதி மக்கள் அக்காலத்தை 'லா மத்தான்சா' என்றனர். அச்சொல்லுக்குப் படுகொலை என்பது பொருள். விலங்குகளை வெட்டுவதையும் அச்சொல் குறிக்கும்.

எதிர்காலம் என்னும் சிற்றூர்

ஆற்றின் வழியே வடமேற்கில் நெடுந்தொலைவு சென்றால் பிரெசிடியோ மாவட்டம் வரும். அங்கே ரியோ கிராண்டேயின் டெக்சாஸ் கரையில் போர்வெனிர் என்னும் சிற்றூர் இருந்தது. ஏறத்தாழ 140 பேர் அங்கு வாழ்ந்தனர். 'போர்வெனிர்' என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு எதிர்காலம் என்பது பொருள்.

1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அம்மாவட்டத்துப் பிரைட் பண்ணையை ஒரு கும்பல் தாக்கியது. போர்வெனிர் மக்களுக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததற்குச் சான்று ஏதும் இல்லை; ஐயம் மட்டுமே இருந்தது. 1918ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் விடியுமுன், ரேஞ்சர்களின் பி கம்பெனியினரும் பண்ணையாளர் சிலரும் அமெரிக்கக் குதிரைப்படையினரின் துணையோடு ஊரைச் சூழ்ந்தனர். பி கம்பெனியின் தலைவர், அஞ்சலட்டையில் நாம் கண்ட ஃபாக்ஸ். உறங்கிக்கொண்டிருந்தோரை எழுப்பி, 15 ஆடவரைப் பிரித்து, ஊருக்கு வெளியே இருந்த குன்றின் அடியில் நிறுத்திச் சுட்டுக் கொன்றனர். அவர்களுள் மூத்தவருக்கு வயது 72; இளையவனுக்கு 16. தந்தையை இழந்த பிள்ளைகள் நாற்பதுக்கும் மேற்பட்டோர். எஞ்சியோர் ஆற்றைக் கடந்து மெக்சிக்கோவுக்கு ஓடினர். ஊர் இடிக்கப்பட்டது.

இருளில் தங்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்ததாகவும், திருப்பிச் சுட்டதில் மெக்சிக்கர் இறந்ததாகவும் ரேஞ்சர்கள் தரப்பில் முதலில் கூறப்பட்டது. அந்தக் கூற்றே வரலாறாக நிலைத்திருக்கக்கூடும். அவ்வாறு நிலைக்காமற்போனதற்கு முதன்மையான காரணம் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர்.

ஹாரி வாரன் என்னும் அவ்வாசிரியர் ஆங்கிலேய வழியினர். மெக்சிக்கப் பெண்ணை மணந்தவர். மறுநாள் காலையில் அவர் அவ்விடத்துக்குச் சென்று உடல்களைக் கண்டார். மாண்டவருள் அவருடைய மாமனார் திபூர்சியோ ஹாக்கெஸும் ஒருவர். வாரன் செய்தது எளிய செயல். மாண்ட பதினைவரின் பெயர்களையும், அவர்கள் விட்டுச்சென்ற மனைவி மக்களின் விவரங்களையும் எழுதி வைத்தார். அதிகாரிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் பெயர் எழுதிப் பழகிய ஒருவர், அன்று தம் மாணவர்களின் தந்தையரின் பெயர்களை எழுதினார். கொள்ளையர் பதினைவர் என்னும் தொகைச்சொல்லுக்கு எதிராக அவர் பதினைந்து தனிப்பெயர்களை வைத்தார்.

உயிர்தப்பியோரின் வாக்குமூலங்களும் மெக்சிக்க அரசின் வற்புறுத்தலும் சேர்ந்து விசாரணைக்கு வழிவகுத்தன. 1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆளுநர் பி கம்பெனியைக் கலைத்து, ரேஞ்சர் ஐவரைப் பணிநீக்கம் செய்தார். ஃபாக்ஸ் பதவி விலகினார். கொலைக்காக எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

சட்டமன்றத்தில் ஒரு குரல்

1919ஆம் ஆண்டு ஜனவரியில் டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர் ஹோசே தோமாஸ் கனாலெஸ் ரேஞ்சர்களுக்கு எதிராக 19 குற்றச்சாட்டுகளை முன்வைத்தார். அன்றைய சட்டமன்றத்தில் மெக்சிக்க வழியினர் அவர் ஒருவரே. முன்னரே ஒரு ரேஞ்சர் அவரை நேரில் மிரட்டியிருந்தார். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. சாட்சிகள் அழைக்கப்பட்டனர். வாக்குமூலங்கள் ஏறத்தாழ 1,600 பக்கங்களுக்கு நீண்டன.

விசாரணையில் ரேஞ்சர்களின் வழக்குரைஞர் கனாலெஸைக் குறுக்கு விசாரணை செய்தபோது எழுந்த வினா நம் பொருளுக்கு இன்றியமையாதது. நீர் குருதியால் மெக்சிக்கர்தானே என்று அவர் வினவினார். தாம் அமெரிக்கக் குடிமகன் என்று கனாலெஸ் விடையிறுத்தார். வினவியவரோ குருதியைப் பற்றியே மீண்டும் கேட்டார். சட்டம் இயற்றும் மன்றத்தின் உறுப்பினரே தம் குடியுரிமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததென்றால், ஆற்றங்கரையில் ஆடு மேய்ப்பவரின் நிலையை நாம் உய்த்துணரலாம்.

விசாரணையின் பயனாகப் படை குறைக்கப்பட்டது. பணிக்கு ஆள் சேர்ப்பதில் விதிகள் கடுமையாயின. எனினும் தனிப்பட்ட எவரும் தண்டிக்கப்படவில்லை. வாக்குமூலங்களை அச்சிட்டு வெளியிடச் சட்டமன்றம் முன்வரவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவை பொதுமக்கள் பார்வைக்கு எட்டாமலே கிடந்தன. அந்த இடைக்காலத்தில் வளர்ந்த தலைமுறைகள் ரேஞ்சர்களைத் திரைப்படங்களிலும் வானொலி நாடகங்களிலும் வீரர்களாகவே அறிந்தன.

மொழிக்கு எடுத்த இறுதிச் சடங்கு

போர்வெனிர் அழிந்த அதே 1918ஆம் ஆண்டில், பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் தவிர்ந்த மொழியில் பாடம் நடத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் டெக்சாஸில் இயற்றப்பட்டது. மெக்சிக்கப் பிள்ளைகளைத் தனிப்பள்ளியில் வைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் கூறவில்லை. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்னும் காரணமே பிரிப்பதற்குப் போதுமானதாக இருந்தது. ஆங்கிலம் நன்கறிந்த மெக்சிக்கப் பிள்ளையும் அதே பள்ளிக்கே அனுப்பப்பட்டது.

போர்வெனிர் இருந்த பிரெசிடியோ மாவட்டத்திலேயே மார்ஃபா என்னும் நகரம் உள்ளது. அங்கே 1909 முதல் 1965 வரை மெக்சிக்கப் பிள்ளைகளுக்கெனப் பிளாக்வெல் பள்ளி இயங்கியது. ஸ்பானிய மொழியில் பேசிய பிள்ளைகள் அங்கே பிரம்படி பெற்றனர். 1954ஆம் ஆண்டு அப்பள்ளியில் ஒரு சடங்கு நடந்தது. ஸ்பானியச் சொற்களைத் துண்டுத்தாள்களில் எழுதுமாறு மாணவர்கள் பணிக்கப்பட்டனர். அத்தாள்களைப் பெட்டியிலிட்டு, 'ஸ்பானியர் ஐயா' இறந்துவிட்டார் என்று அறிவித்து, பள்ளி வளாகத்தில் குழி தோண்டிப் புதைத்தனர். தாய்மொழிச் சொற்களைப் பிள்ளைகள் தம் கையாலேயே எழுதித் தம் கண்முன்னேயே புதைக்கக் கண்டனர். இதனைக் கொலைகளோடு ஒப்பிடல் தகாது. ஆயினும் ஒரு மக்கள் குழுவை இந்நிலத்துக்கு உரியவர் அல்லர் என்று கருதும் எண்ணம் இரண்டிற்கும் பொதுவாக இருந்ததை நாம் மறுக்க இயலாது.

அதே 1954ஆம் ஆண்டு மே மாதம் எர்னாந்தெஸ் எதிர் டெக்சாஸ் என்னும் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜாக்சன் மாவட்டத்தில் 25 ஆண்டுகளாக மெக்சிக்க வழியினர் ஒருவர்கூட நடுவர் குழுவில் இடம்பெறவில்லை. மெக்சிக்கர் வெள்ளையரே, ஆகவே பாகுபாடு என்னும் பேச்சுக்கே இடமில்லை என்று டெக்சாஸ் அரசு வாதிட்டது. அந்த நீதிமன்றக் கட்டடத்திலேயே வெள்ளையரல்லாத ஆடவருக்கென ஒதுக்கிய கழிப்பறையில், இங்கே ஆடவர் என்று ஸ்பானிய மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. ஏட்டில் வெள்ளையர், கழிப்பறைக் கதவில் வெள்ளையர் அல்லர். டஸ்கீகி பட்டியலில் அறியாமல் நேர்ந்தது, இங்கே அறிந்தே வாதமாக முன்வைக்கப்பட்டது. நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை.

பாட்டில் தங்கிய நினைவு

அரசு ஏடுகள் மறைத்ததை மக்கள் எதில் வைத்துக் காத்தனர்? எல்லைப்புறத்தில் 'கொரீடோ' என்னும் பாட்டு வகை உண்டு. நடந்த நிகழ்ச்சியை நாள், இடம், பெயர் சுட்டிக் கித்தாரோடு பாடுவது அது. தமிழில் நாம் கதைப்பாடல் என்று வழங்கும் வகையோடு அதனை ஒப்பிடலாம். கிரெகோரியோ கோர்தெஸ் பிடிபட்ட காலத்திலேயே அவரைப் பற்றிய கொரீடோ பிறந்துவிட்டது. செய்தித்தாள்களில் அவர் கொலைகாரர். பாட்டில் அவர் தம் உரிமைக்காகத் துப்பாக்கி ஏந்திய வீரர்.

1915ஆம் ஆண்டு செப்டம்பரில், படுகொலைகள் உச்சத்தில் இருந்தபோது, பிரவுன்ஸ்வில்லில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரான அமேரிகோ பாரேதெஸ். கோர்தெஸின் கொரீடோவை அவர் ஆராய்ந்து 1958ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். நாட்டுப்புறப் பாட்டை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு, நீதிமன்றப் பதிவுகளோடு ஒப்புநோக்கி, ஆண்குதிரை பெண்குதிரைச் சொற்குழப்பத்தை உலகறியச் செய்தவர் அவரே. ஒரு மொழிபெயர்ப்புப் பிழையை 57 ஆண்டுகள் கழித்து ஒரு மொழியறிஞர் திருத்தினார்.

குடும்பங்களும் நினைவைக் காத்தன. பசான், லொங்கோரியா வழித்தோன்றல்களும் போர்வெனிர் வழித்தோன்றல்களும் பாட்டன் பாட்டியர் வாய்மொழியாகச் சொன்னதைக் குறித்து வைத்தனர். 2013ஆம் ஆண்டு வரலாற்றறிஞர் சிலர் 'மறக்க மறுத்தல்' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் முயற்சியால் 2016ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநில வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடைபெற்றது. போர்வெனிர்ப் படுகொலை நிகழ்ந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 2018ஆம் ஆண்டில், மாநில அரசின் நினைவுப் பலகை அம்மாவட்டத்தில் நிறுவப்பட்டது.

இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், எல்லை நகரான எல் பாசோவில் ஒருவன் கடைக்கு வந்தவர்கள்மீது சுட்டதில் 23 பேர் மாண்டனர். டெக்சாஸின்மீது ஸ்பானிய வழியினர் 'படையெடுக்கின்றனர்' என்று அவன் எழுதி வைத்திருந்தான். 1915இல் கொள்ளையர் என்னும் சொல் செய்த பணியை 2019இல் படையெடுப்பு என்னும் சொல் செய்தது. சந்தைக்கு வந்த தாயையும் தந்தையையும் பகைப்படையாகக் காட்டிய பின்னர், சுடுபவனுக்குத் தன் செயல் தற்காப்பாகத் தோன்றுகிறது.

வகுப்பறைக்கு ஒரு சொல்

பன்மொழிச் சூழலில் கற்பிக்கும் நாம் இவ்வரலாற்றிலிருந்து எதனை எடுத்துச் செல்லலாம்? ஒரு செய்தியில் ஒரு மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் சொல் வரும்போது, அச்சொல்லை வைத்தவர் யார், அது எச்சான்றின்மேல் நிற்கிறது என்று கேட்க மாணவர்களைப் பழக்கலாம். 'ஆவியாகிவிட்டனர்' போன்ற வினைமுதல் இல்லாத வாக்கியங்களைக் கண்டால், செய்தவர் யார் என்று வினவச் சொல்லலாம். இலக்கண வகுப்பில் எழுவாயைத் தேடக் கற்பிக்கும் நமக்கு அது புதிய பாடம் அன்று. வீட்டு முதியோர் சொல்லும் கதைகளை நாளும் இடமும் பெயரும் சேர்த்து எழுதி வைக்கச் சொல்லலாம். போர்வெனிர் ஆசிரியர் செய்ததும் அவ்வளவே.

பிளாக்வெல் பள்ளியில் புதைக்கப்பட்ட சொற்களின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. 2007ஆம் ஆண்டு, தலை நரைத்த முன்னாள் மாணவர்கள் அதே வளாகத்தில் கூடினர். முன்னர் நடந்த சடங்குக்கு மாற்றாக, ஒரு ஸ்பானிய அகராதியை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தனர். அப்பள்ளிக் கட்டடம் இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்றுத் தலமாகக் காக்கப்படுகிறது. பிள்ளைகள் தம் மொழியை வெறுக்கக் கற்பிக்கப்பட்ட அறைகளில், அது ஏன் தவறு என்பதை இன்று வருவோர் கற்கின்றனர்.